செவலை வேலி தாண்டிய வருஷம்

என் கணவருக்குக் கருமாதி முடிந்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போன மறுநாள் காலையில், செவலை வேலியைத் தாண்டிக் கீழ்த்தோட்டத்துக்குள் போனது. நான் அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒரு பெண் குரல் கத்திக்கொண்டே இருந்தது.

"மதினி, மாடு! மதினி, மாடு உள்ள வந்துருச்சு!"

மாடு என்பது எங்கள் மாடு, மதினி என்பது நான் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. பாலை இறக்கி வைத்துவிட்டுப் போனேன். ஓடவில்லை. ஓட வேண்டும் என்று தோன்றவில்லை.

செவலை கேரட் பாத்தியின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. தழையைக் கடித்து இழுத்தால் கேரட்டும் மண்ணோடு சேர்ந்து வந்தது. மூக்கெல்லாம் ஈரமண். கையில் குச்சியோடு கீழ்த்தோட்டத்துக்காரி நின்றாள். என் கணவரை அண்ணன் என்று கூப்பிடுகிறவள் அவள். அதனால் நான் அவளுக்கு மதினி. சொந்தம் கிடையாது. பக்கத்துத் தோட்டம், அவ்வளவுதான். நான் மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தேன். ஒரு முரண்டும் பண்ணாமல் அது கூடவே வந்தது.

"பாத்தி போச்சேம்மா" என்றேன்.

"போனாப் போகுது மதினி. இந்த நேரத்துல நீங்க என்ன செய்வீங்க" என்று சொல்லி அவள் அழுதாள். அந்த நாட்களில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அழுதார்கள். நான் அவளுடைய சேலைக் கரையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இறந்தது வடுகபட்டிச் சந்தையில். பூண்டு மூட்டைகளை இறக்கிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். ஆம்புலன்ஸில் நானும் கூடவே மலை ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் உடம்பு சாயாமல் இருக்க என் கை தானாகப் போய்த் தாங்கியது. அந்தக் கையை மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் வேறு யாருக்கோ நடந்தவை போல இருக்கின்றன.

நான் வத்தலக்குண்டுக்காரி. கல்யாணமாகித்தான் மன்னவனூருக்கு அந்தப் பக்கம் உள்ள இந்த ஊருக்கு வந்தேன். பி.ஏ. படித்திருந்தேன், மாட்டைத் தொட்டதில்லை. எங்களுக்குள் வேலை தானாகப் பிரிந்துகொண்டது. பூண்டுக் காடும் வீடும் எனக்கு. மூன்று மாடுகளும் மேய்ச்சல் சரிவும் அவருக்கு. சரிவு எங்கள் வீட்டை ஒட்டிக் கீழே இறங்கும். அதன் அடியில் கீழ்த்தோட்டம். மேலே சீகை மரக் காடு; அங்கேயிருந்து காட்டெருமைகள் வரும். சரிவைச் சுற்றி எங்கள் வேலி: நாலு வரிசை முள்கம்பி, தைலமரத்தை வெட்டி நட்ட கால்கள்.

தினமும் பால் கறப்பதற்கு முன்னால் அவர் சரிவுக்குள் போய்விட்டு வருவார். பீடி குடிக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். குடிக்கவும் செய்தார். ஆனால் அவர் போனது வேலியைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு வேலிக்காலையும் ஆட்டிப் பார்த்து, தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டுவதற்கு என்பது, அந்த நடை நின்றுபோன பிறகுதான் தெரிந்தது. எனக்கு முன்னால் செவலைக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் வேலியோரமாக நடந்தேன். ஓர் இடத்தில் இரண்டாவது கம்பிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் சிவப்பு முடி சிக்கியிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். இங்கேதான் தலையை நுழைத்திருக்கிறது. தலை போனால் தோள், தோள் போனால் மிச்சமெல்லாம் அதன் பின்னாலேயே போகும். செவலையின் முதுகில் இரண்டு கோடாகக் கீறல் இருந்தது. அதற்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. வீட்டிலிருந்து கட்டுக்கம்பி கொண்டுபோய் அந்த இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினேன். திரும்பி வந்து டீ குடிக்கும்போது டம்ளரில் ரத்தம் இருந்தது. உள்ளங்கை கிழிந்திருந்தது. எப்போது என்று தெரியவில்லை.

அந்த மாதங்களில் நான் அப்படித்தான் இருந்தேன். சுடுகிறது, குளிர்கிறது என்பதெல்லாம் தாமதமாக வந்து சேர்ந்தது. ஒரு நாள் ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு பால் வண்டி வரைக்கும் போயிருக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று இருந்திருப்பார்கள்.

செவலை மறுபடியும் போனது. நான் பின்னிய இடத்தில் அல்ல, அதற்கு அடுத்த இடத்தில். அங்கே கால் மண்ணுக்குள் மக்கிப் போயிருந்தது. மேலே பார்த்தால் கால் நிற்கும், கம்பி இருக்கும். நெஞ்சை வைத்துத் தள்ளினால் எல்லாம் சேர்ந்து படுத்துவிடும். அதைச் சரி செய்தேன். பிறகு மழைத்தண்ணீர் அரித்த பள்ளத்தில் முன்னங்காலை மடித்து மண்டி போட்டு அடியில் போனது. பள்ளத்தில் கல்லை உருட்டிப் போட்டேன். சீகைக் கிளைகளை வெட்டி இடுக்குகளில் திணித்தேன். கொம்பால் ஒதுக்கிவிட்டுப் போனது. கழுத்தில் கட்டை தொங்கவிட்டால் மாடு தாண்டாது என்று பால் வண்டிக்காரர் சொன்னார். தொங்கவிட்டேன். நடக்கும்போதெல்லாம் கட்டை முட்டியில் இடித்து இரண்டு முன்னங்கால்களும் புண்ணாயின. அவிழ்த்துவிட்டேன். மற்ற இரண்டு மாடுகளும் நின்ற இடத்தில் மேய்ந்துகொண்டு, இது போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தன.

கட்டிப் போட்டுத் தீனி வைக்கலாமே என்று கேட்பார்கள். சில நாள் கட்டிப் போட்டேன். அது விடாமல் கத்தியது. அந்தச் சத்தத்தில் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

கீழ்த்தோட்டத்துக்காரி முதலில் அழுதாள். பிறகு பேசாமல் மாட்டை விரட்டினாள். பிறகு விரட்டுவதையும் விட்டுவிட்டாள். ஒரு நாள் அவள் வீட்டுக்காரர் செவலையைத் தன் மோட்டார் ரூம் பக்கத்தில் கட்டிப் போட்டுவிட்டு, நான் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர். அன்று கூப்பிடவில்லை.

"இங்க வந்து பாருங்க. இது தோட்டமா, மந்தையா?"

பார்த்தேன். பாத்திகள் மிதிபட்டுக் கிடந்தன.

"வேலியக் கட்டிட்டுத்தாண்ணே இருக்கேன்" என்றேன்.

"என்ன கட்டுறீங்க? ஒரு நாளு ரெண்டு நாளுன்னா பொறுக்கலாம். ஆம்பள இல்லாத வீடுன்னு நானும் வாயத் தொறக்காம இருக்கேன். மாடு வளக்க முடியலன்னா வித்துத் தொலைங்க. நாங்களும் பொழைக்கணும்ல?"

"ஏங்க, மெதுவா" என்றாள் அவர் மனைவி.

"என்ன மெதுவா? நான் சொல்றதுல என்ன தப்பு?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதைத்தான் நானும் நினைத்தேன். இப்படிப் பேசினால் ஒரு பெண்ணுக்கு நெஞ்சு அடைக்கும், கண்ணீர் வரும் என்பது எனக்குத் தெரியும். எனக்கு அவருடைய மேல்சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறத்தில் இருப்பதுதான் தெரிந்தது. "சரிண்ணே" என்று சொல்லி மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். அந்தச் 'சரி' அவரை இன்னும் கோபப்படுத்தியது என்று பிறகு அவர் மனைவி சொன்னாள். நான் திருப்பிச் சண்டை போட்டிருந்தால் அவருக்கு ஆறியிருக்குமாம்.

மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். போனில் அவனும் இதையே சொன்னான். "மாட்டையெல்லாம் குடுத்துட்டு இங்க வந்துருங்கம்மா. அங்க ஒத்தையில என்ன சோலி?" யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. விற்பதற்கு யாரையாவது கூப்பிட வேண்டும், பேச வேண்டும், அவர்கள் வந்து மாட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். அதைவிட வேலி கட்டுவது எளிதாக இருந்தது.

கொடைக்கானல் பஜாரில் விவசாயச் சாமான்கள் விற்கும் பாய் கடை ஒன்று உண்டு. என் கணவர் மருந்து, பைப் எல்லாம் அங்கேதான் வாங்குவார். வெள்ளனே பஸ் ஏறிப் போனேன். விஷயம் பாய்க்குத் தெரிந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ சொல்லிவிட்டு, என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டார். அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

"முள்கம்பி இன்னும் ரெண்டு வரிசை போடலாம்னு..." என்றேன்.

"முள்ளு குத்துறது அதுக்குப் பழகிப்போச்சும்மா. இன்னும் பத்து வரிசை போட்டாலும் தள்ளிட்டுத்தான் போகும். சோலார் வேலி போடுங்க. பேட்டரில ஓடுறது. விட்டு விட்டுத்தான் கரண்டு வரும், உசுருக்கு ஒண்ணும் ஆகாது. சுள்ளுனு ஒரு அடி. ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. மாடு மொத தடவ அத மூக்காலதான் தொடணும். நின்னு மோந்து பாத்து மூக்குல வாங்குச்சுன்னா பின்னால போகும். ஓடியாந்து நெஞ்சுல வாங்குச்சுன்னா மெரண்டு முன்னாலதான் பாயும். அப்புறம் அந்த மாடு வேலிக்கு அடங்காது."

தலையாட்டினேன். அவர் சொன்னதையே இன்னொரு முறை மெதுவாகச் சொன்னார். என் முகம் கேட்டுக்கொண்டிருக்கும் முகமாக இல்லை போலிருக்கிறது.

கடை ஆள் ஒருவர் வந்து பழைய கால்களிலேயே பழைய வேலிக்கு உள்பக்கமாக இரண்டு கம்பி இழுத்து, கரண்டு விடும் பெட்டியையும் சோலார் தகட்டையும் மாட்டிவிட்டுப் போனார். மாடுகளை வீட்டுப் பக்கம் கட்டியிருந்தேன். சரிவில் நான் மட்டும் இருந்தேன். பெட்டியிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. செவலைக்கு என்ன கொடுக்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. புறங்கையைக் கம்பியில் வைத்தேன்.

தோள்வரைக்கும் அடித்தது. "ஆ" என்று கத்திவிட்டேன். என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றேன். மறுபடியும் வைத்தேன். மறுபடியும் அதே அடி. கை எனக்குக் கட்டுப்படாமல் துள்ளியது. மூன்றாம் தடவை வைக்கப் போகும்போது யாரோ என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். இருவரும் புல்லில் விழுந்தோம்.

கீழ்த்தோட்டத்துக்காரி. களை எடுத்துக்கொண்டிருந்தவள் என் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். நான் திரும்பத் திரும்பக் கம்பியைத் தொடுவதைப் பார்த்ததும், பழைய வேலியில் செவலை படுக்க வைத்திருந்த இடத்தின் வழியாகவே ஏறி, புதுக் கம்பிக்கு அடியில் தவழ்ந்து ஓடி வந்துவிட்டாள். கையெல்லாம் மண்.

"என்ன காரியம் பண்றீங்க மதினி! என்ன காரியம்! நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்?"

"இது ஒண்ணும் செய்யாதும்மா. பேட்டரி. பாய் சொன்னாரு."

"பேசாதீங்க. ஒண்ணும் பேசாதீங்க" என்று என் தோளில் அடித்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டுக்கொண்டே அழுதாள். சத்தம் கேட்டு அவள் வீட்டுக்காரரும் வந்துவிட்டார். மூச்சு வாங்க நின்று என்னையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"நான் ஏதோ கோவத்துல சொன்னேன் தங்கச்சி" என்றார். "அத மனசுல வச்சுக்கிட்டு..."

"இல்லண்ணே. எவ்வளவு அடிக்குதுன்னு பாத்தேன்."

"ஒரு தடவ பாத்தாப் போதாதா?" என்று கேட்டாள் அவள்.

நான் சாக நினைக்கவில்லை. அன்று அவர்களிடமும் சொன்னேன், பிறகும் சொல்லியிருக்கிறேன். உண்மைதான் என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டாவது தடவை ஏன் தொட்டேன் என்று கேட்டால் எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் நம்பவில்லை. அன்றிலிருந்து அவள் தினமும் வந்தாள். உப்பு இருக்கிறதா என்று ஒரு நாள், அரிவாள் கொடுங்கள் என்று ஒரு நாள். காரணம் தீர்ந்துபோனதும் காரணம் இல்லாமல் வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கண் முதலில் மருந்து வைத்திருக்கும் அலமாரிக்குப் போகும். ஒரு நாள் பார்த்தால் பூச்சிமருந்து டப்பாக்களைக் காணோம். அலமாரியைச் சாத்திவிட்டுப் பால் கறக்கப் போனேன். குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்து அவள் மாமியாரைப் பற்றிப் பேசுவாள். எனக்கு ருசி தெரியவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன். சாப்பிடவில்லை என்றால் அவள் போக மாட்டாள்.

செவலைக்கு வேலியைப் பழக்கியது அவள் வீட்டுக்காரர்தான். தன் தோட்டத்துக் கேரட் தழையையே ஒரு கட்டுக் கொண்டுவந்து, பெட்டியை நிறுத்திவிட்டுக் கம்பியில் தொங்கவிட்டார். பெட்டியைத் திரும்பவும் போட்டுவிட்டு என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். கம்பிக்கு ரொம்பத் தள்ளி. செவலையை அவிழ்த்துவிட்டோம். அது தழையைப் பார்த்தது. மெதுவாக வந்து நின்று கழுத்தை நீட்டியது. மூக்கு ஈரமாகப் பளபளத்தது. டிக் என்றது பெட்டி.

நாலு காலும் தரையைவிட்டு எழும்பின. திரும்பி ஓடிய வேகத்தில் மற்ற இரண்டு மாடுகளும் சேர்ந்து ஓடின. சரிவின் உச்சியில் போய் நின்று எங்களைப் பார்த்தது. சாயங்காலம்வரை இறங்கவில்லை. அன்று பாலும் குறைந்தது.

"வாங்கிக்கிருச்சு" என்றார் அவர். "இனிமே வராது."

பாவமாக இருக்க வேண்டும், அல்லது நிம்மதியாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. நான் மடியைக் கழுவிப் பால் கறந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கறப்பதற்கு முன்னால் வேலியைச் சுற்றினேன். புல் வளர்ந்து கம்பியில் பட்டால் கரண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும், டிக் சத்தம் சோர்ந்து கேட்கும். அங்கே அரிவாளால் அறுப்பேன். வெயில் நாட்களில் எர்த் கம்பி நட்ட இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன். பனி விழுந்த காலைகளில் மேய்ச்சல் புல் நரைத்துக் கிடக்கும். காட்டெருமை மேலே ஒரு மூலையில் கம்பியை அறுத்துக்கொண்டு போனால் முடிச்சுப் போட்டு இணைப்பேன். கையில் கிழிந்தால் இப்போது உடனே தெரிந்தது. எப்போதிலிருந்து என்று கவனிக்கவில்லை.

செவலை வேலிப் பக்கமே வரவில்லை. கம்பிக்கு நாலு முழம் முன்னாலேயே நின்று திரும்பிவிடும். அந்த ஓரத்தில் புல் ஒரு பட்டையாக உயர்ந்து நின்றது.

கீழ்த்தோட்டத்தில் கேரட் எடுத்தார்கள். லாரி ஏற்றிவிட்ட பிறகு காடு முழுக்கத் தழையும், உடைந்ததும் பிளந்ததுமான கேரட்டும் சிதறிக் கிடந்தன. அவள் கீழே நின்றுகொண்டு கத்தினாள்.

"மதினி, மாட்ட ஓட்டியாங்க! மழ வர்றதுக்குள்ள வெரசா! வந்து திங்கட்டும்!"

பெட்டியை நிறுத்தினேன். அவள் வீட்டுக்காரர் பழைய முள்கம்பியை ஒரு பாகத்துக்கு அவிழ்த்து ஒதுக்கினார். புதுக் கம்பி இரண்டையும் தரையில் படுக்க வைத்தார். நல்ல அகலமான வழி. செவலையைக் கயிற்றில் பிடித்து அழைத்துப் போனேன். புல் உயர்ந்து நின்ற பட்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

இழுத்தேன். முன்னங்காலை ஊன்றிக்கொண்டது. அவர் பின்னால் போய்த் தட்டினார். பின்பக்கம் திரும்பி அவரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு மேலே போனது. மறுபடியும் பிடித்து வந்து நிறுத்தினேன். அவள் ஒரு கேரட்டை முகத்துக்கு நேராக நீட்டினாள். கழுத்தை நீட்டியது, மூக்கு ஆடியது, அந்த இடம் வந்ததும் கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. கம்பி இல்லை, கரண்டு இல்லை. அவை இருந்த இடத்தைத் தாண்ட மாட்டேன் என்று நின்றது.

"அன்னைக்குக் குச்சி எடுத்து வெரட்டுனேன், போகல" என்றாள் அவள். "இன்னைக்கு வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடுறேன், வரமாட்டேங்குதே!"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். தொண்டை கட்டினவள் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவள் சட்டென்று நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்; அழுகிறேனோ என்று பார்த்திருப்பாள். அழவில்லை. அழுகை ரொம்ப நாள் கழித்து, வத்தலக்குண்டுக்கு இறங்கும் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

கடைசியில் செவலையைச் சரிவில் மேலே ஏற்றி, வீட்டு வாசல் வழியாக ரோட்டுக்குக் கொண்டுவந்து, பஸ் நிற்கும் இடத்தைச் சுற்றி, அவர்கள் தோட்டத்துக் கேட் வழியாக உள்ளே கொண்டுபோனோம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது வேலி அதற்கு வேறு வேலியாகத் தெரிந்ததோ என்னவோ, உள்ளே நுழைந்ததும் தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்துவிட்டது. நாங்கள் மூவரும் காலிச் சாக்குகளை விரித்து உட்கார்ந்தோம். அவள் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினாள்.

"கீழ வரிசையில கால் பூரா மக்கிருச்சு தங்கச்சி" என்றார் அவர். "மழைக்கு முந்தி கல்லுக்கால் போட்டுருவோம். பாதி என் பொறுப்பு."

"போட்டுருவோம்ணே. மேல மூலையிலயும் ஒண்ணு போடணும், காட்டெரும வர்ற எடத்துல" என்றேன்.

மற்ற இரண்டு மாடுகளும் மேலே நின்று கத்திக்கொண்டிருந்தன. அவர்கள் பிறகு பேசிக்கொண்டிருந்ததை நான் முழுதாகக் கேட்கவில்லை. டீ சூடாக இருந்தது, நாக்கில் பட்டுவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கட்டுத் தழையை வாரி எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.